யோகா வீட்டுச் சோடா

அடுத்த மாதப் பூசை யோகா வீட்டில் என்று முடிவானபோது அவளுக்கு வந்த சந்தோசம் சரியாக இருபது நிமிசம்தான் நின்றது. இருபத்தோராவது நிமிசத்தில், சிட்னியின் செவன் ஹில்ஸில் தன் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு நின்ற இராஜேஸ்வரி அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டா.

"ஏன் பிள்ளை, நீயும் ஈச்சங்காடு எண்டே சொன்னனீ? நாங்களும் ஈச்சங்காடுதானே! ஊரில எவடம்?"

யாழ்ப்பாணத்துச் சனம் இரண்டு பேர் சந்திரமண்டலத்தில் சந்தித்தாலும் முதலில் கேட்பது எந்த ஊர் என்று. அதில் குற்றமில்லை, அது பாசம். ஆனால் அதோடு விடமாட்டார்கள். ஊரில் எவடம், எந்தக் கோயிலடி, ஆருடைய ஆட்கள் என்று தோண்டிக்கொண்டே போவார்கள். தோண்டித் தோண்டி எதை எடுக்கப் பார்க்கிறார்கள் என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். சாதியின் பேரை வாயால் சொல்லாமலே கேட்டு முடிக்கிற வித்தை அது.

எட்டு மாதமாக யோகா இந்தக் கேள்விக்கு மாட்டாமல் தப்பித் திரிந்தவள். மாதத்தில் முதலாம் ஞாயிறு ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, படம் வைத்து, பூப்போட்டு, பதிகம் பாடி, சாப்பிட்டுப் பிரிவார்கள். எழுபத்தாறாம் ஆண்டு. சிட்னியில் இவர்கள் போய்க் கும்பிடக் கோயில் என்று ஒன்று இல்லாத காலம். இருக்கிற வீடுதான் கோயில். ஊர் எது என்று ஆரும் கேட்டால் "யாழ்ப்பாண ரவுன் பக்கம்" என்று சொல்லிவிட்டு யோகா பேச்சை மாற்றிவிடுவாள். அன்றைக்கு, அடுத்தது உன் வீட்டில் என்று சொன்ன சந்தோசத்தில், வாய் தன்பாட்டில் ஈச்சங்காடு என்று உளறிவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

இனிப் பொய் சொல்லவும் ஏலாது. "குளத்துக்கு அங்கால, அக்கா" என்றாள்.

இராஜேஸ்வரி அக்கா "ஓ" என்றா. அவ்வளவுதான். பிறகு சீனி போட்டுக் கலக்கிய தேத்தண்ணிக்கே திரும்பவும் சீனி போட்டா. யோகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு விறாந்தைப் பக்கம் போய்விட்டா. ஐம்பத்தைந்து வயது மனுசி, வாய் ஓயாத மனுசி, அன்று மிச்ச நேரம் முழுக்க ஒரு சொல் கதைக்கவில்லை.

குளத்துக்கு அங்கால என்றால் என்னவென்று ஈச்சங்காட்டில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மன் கோயிலும் பள்ளிக்கூடமும் கல்வீடும் குளத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் இருந்த சனம் கோயில் தேரை வேலிக்கு வெளியில் நின்று பார்த்த சனம். யோகா பதிகம் பாடப் பழகியதே அந்த வேலியடியில் நின்றுதான். உள்ளே பாடுவதைக் கேட்டுக் கேட்டு, ஆடு மேய்த்துக்கொண்டு அதையே திரும்பப் பாடிப் பாடிப் பழகினாள். இப்போது சிட்னியில் அவள் பாடத் தொடங்கினால் பெரிய உத்தியோகக்காரர் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள்.

லிட்கத்தில் வாடகைக்கு எடுத்த ஃபைப்ரோ வீட்டுக்கு அவள் திரும்பி வந்தபோது, சிவபாலன் முன் அறையில், அறையைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். ஓகஸ்ட் குளிர் மெல்லிய சிமெந்துத் தகட்டுச் சுவர் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆறு வயது மகள் கல்யாணி போர்வைக்குள் இருந்து ரீவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம் உன்ர பக்தகோடிகள்?"

"அடுத்த மாசம் எங்கட வீட்டிலயாம்."

"அட, நல்லதுதானே! பேந்து ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

"இராஜேஸ்வரி அக்கா எவடம் எண்டு கேட்டுட்டா."

சிவபாலன் கையிலிருந்த திருகியைக் கீழே வைத்தான். "சொல்லிப்போட்டியோ?"

"சொன்னன்."

"அவ?"

"ஓ எண்டா. பேந்து கதைக்கேல்லை."

"உந்த 'ஓ'வைத்தான் என்ர அப்பு அறுபது வருசம் கேட்டவர்" என்று சொல்லிவிட்டு அவன் திரும்ப அடுப்போடு மல்லுக்கு நின்றான். செவன் ஹில்ஸில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் அவன் மிசின் திருத்துகிறவன். கோயில், பூசை, திருநீறு எதுவும் கிட்டப் போகமாட்டான். எட்டு வருசத்துக்கு முன் ஈச்சங்காட்டு அம்மன் கோயிலுக்குள் தாங்களும் போவோம் என்று குளத்துக்கு அங்காலிருந்து சனம் திரண்டு போன அன்று, கேற்றடியில் அவனுடைய தகப்பன் தலை உடைய அடி வாங்கினவர். அதன் பிறகு அவர் இரண்டு வருசம்தான் இருந்தார். அந்த நாளைப் பற்றி யோகாவிடம்கூட சிவபாலன் விபரமாகப் பேசினதில்லை.

ஆனால் யோகா சாமிப்படம் வைக்கச் சுவரில் பலகைத் தட்டு அடித்துக் கொடுத்தது அவன்தான். குமிழி மட்டம் வைத்துப் பார்த்து, ஒரு நூல் சரிவில்லாமல் அடித்தான். வேலையிடத்தில் கழித்துப் போட்ட பித்தளையைக் கடைந்து ஒரு சின்னக் குத்துவிளக்கும் செய்து தந்தான். அதைக் கண்டவர்கள் மதுரையில் வாங்கினதோ என்று கேட்பார்கள்.

"இஞ்சரப்பா, உங்களுக்குச் சாமி மேல அப்பிடி என்ன கோவம்?" என்று யோகா அன்றைக்கும் கேட்டாள்.

"சாமி மேல ஆர் கோவிச்சது? ஒரு மிசின் நல்லதோ கூடாதோ எண்டு எப்பிடிப் பாக்கிறம்? கூட வாற புத்தகத்தில என்ன எழுதியிருக்கு எண்டே? புத்தகத்தில எல்லாம் திறமாத்தான் எழுதியிருக்கும். ஓடவிட்டு ஆற்ற கையை வெட்டுது எண்டு பாக்கோணும். சமயமும் அப்பிடித்தான். நல்ல சமயமோ எண்டு என்னட்டைக் கேட்டா, வாசல்ல ஆரை மறிக்குது எண்டுதான் நான் திருப்பிக் கேப்பன்."

"என்ர பிள்ளையார் ஒருத்தற்ற கையையும் வெட்டேல்லை."

"நான் உன்ர பிள்ளையாரைச் சொல்லேல்லையடி. நீ கும்பிடு. உனக்குக் கும்பிடத் தடையெண்டு ஆரும் வந்தா முதல் சண்டை என்னோடதான். நான் மிசினைச் சொல்லுறன்."

இப்படித்தான் அந்த வீட்டில் சமய வாதம் நடக்கும். ஒருவரும் வெல்லமாட்டார்கள், பிறகு இருவரும் சாப்பிடுவார்கள்.

யோகாவுக்கு வேலை ஹோம்புஷ் பக்கம் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில். ஓடுகிற பட்டியில் கிறீம் பிஸ்கற் வரும், உடைந்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றதை வரிசையாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்குத் தலையில் வலைத்தொப்பி மாட்டினால் மூன்று மணிவரை நின்ற நிலைதான். வனிலா மணம் தோய்ந்து தோய்ந்து, ரெயினில் பக்கத்தில் இருக்கிற குழந்தைகள் அவள் மடியைப் பார்க்கும். பட்டியின் மறுபக்கம் நிற்பவள் அன்னம்மா. ஈப்போவிலிருந்து வந்த மலேசியக்காரி, கிறிஸ்தவ மனுசி. பேச்சும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"என்னா யோகா, ஒரு வாரமா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? வீட்ல பூசைன்னு சொன்ன, சந்தோசமா இருக்க வேணாமா?"

"ஒண்டுமில்லை. கதிரை காணாது, அதுதான் யோசனை."

"எத்தனை வேணும்? எங்க சர்ச்சு ஹால்ல அடுக்கி வச்சிருக்காங்க. பாஸ்டர்கிட்ட கேட்டு வாங்கித் தர்றேன்லா."

"எங்கட பூசைக்கு உங்கட சேர்ச் கதிரையோ? ஒண்டும் சொல்லமாட்டினமோ?"

"நாற்காலி என்ன ஞானஸ்நானமா வாங்கியிருக்கு? எடுத்துட்டுப் போ."

பூசைக்கு முதல் நாள் சனிக்கிழமை சிவபாலன் ஒரு நண்பனின் வானைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கதிரைகளை ஏற்றினான். ஏற்றும்போது சும்மா இருந்தானா? வாய் சும்மா இராதே. யாழ்ப்பாணத்தில் சில வேதக்கோயில்களிலும் எந்தச் சாதிக்கு எந்த வாங்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள் தெரியுமோ, அக்கா என்று அன்னம்மாவிடம் கேட்டே விட்டான். யோகாவுக்குப் பூமி பிளந்தால் உள்ளே போகலாம் போல் இருந்தது.

அன்னம்மா கோபிக்கவில்லை. "ஆமா தம்பி, தப்புதான். எங்க எஸ்டேட் சர்ச்சுல முன் பெஞ்சு தொரைமாருக்குன்னு விட்டு வச்சிருந்தாங்க. எங்கம்மா நேரா போயி அதுலதான் உக்காருவாங்க. ஏசுசாமி எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்கிறேன், நீ யாருடான்னு கேப்பாங்க."

சிவபாலன் பெரிதாகச் சிரித்தான். பிறகு மழை பெய்யும் ஞாயிறுகளில் அன்னம்மாவை ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் விடுகிற வேலையும் அவனுடையதாகிவிட்டது. அவ போற இடத்தைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம், அவவைப் பற்றி வேற அபிப்பிராயம் என்பான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அதோடு நல்லபடியாக முடியவில்லை. வரும் வழியில் யோகா மூலைக்கடையில் வானை நிறுத்தச் சொன்னாள். இரண்டு பெட்டி லெமனேட் வாங்கினாள், இருபத்துநாலு கண்ணாடிப் போத்தில். பிறகு முத்திரை உடைக்காத பிஸ்கற் ரின் நாலு. பிறகு தோடம்பழம், வாழைப்பழம். வீட்டில் இறக்கி வைக்கும்வரை அவன் பிள்ளைகளுக்கு என்றுதான் நினைத்தான்.

"நாளைக்கு என்ன சமையல்? பிளெமிங்டன் மாக்கற்றுக்குப் போய் மரக்கறி வாங்கவேண்டாமோ?"

"எங்கள் மூண்டு பேருக்கும் வீட்டில கிடக்கிறது காணும்."

"வாற சனத்துக்கு?"

சிவபாலன் போத்தில்களைப் பார்த்தான். பிஸ்கற் ரின்னைப் பார்த்தான். உரிக்காத பழங்களைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. குளத்துக்கு இந்தப் பக்கத்து ஆட்கள், வோட்டுக் கேட்கவோ செத்தவீட்டுக்கோ அந்தப் பக்கம் வந்தால், அங்கே ஒரு மிடறு தண்ணீரும் வாயில் வைக்கமாட்டார்கள். வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவதும் மரியாதையில்லை. அதனால் கடையில் சோடா வாங்கி வந்து, வீட்டுக்காரரின் கைபடாத சோடாதான் இது என்று தெரிய, அவர்களுக்கு முன்னாலேயே மூடியை உடைத்துக் கொடுப்பார்கள். யோகாவின் தகப்பன் இதற்கென்றே கட்டிலுக்குக் கீழே நாலு போத்தில் எப்போதும் வைத்திருப்பார். வீட்டுப் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது.

"யோகா, உனக்கென்ன விசரே? அவை ஒருத்தரும் வாய் திறந்து ஒண்டும் சொல்லேல்லை. ஆறாயிரம் மைல் கடலைத் தாண்டி வந்து, நீயே உன்னைத் தள்ளி வைக்கிறியோ?"

"ஓம், நானேதான்!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் சமைச்சு வைப்பன். அவை பசியில்லை எண்டுவினம், வயித்துக்குள்ள சரியில்லை எண்டுவினம். தட்டில போட்டதை ஒரு ஓரமா ஒதுக்கி வைப்பினம். அதை நான் நிண்டு பாக்கோணுமோ? அதைவிட இது நல்லது. அவைக்கும் சங்கடமில்லை, எனக்கும் முகம் முறியாது. பூசை மட்டும் என்ர வீட்டில நடந்தாக் காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

சிவபாலன் இரண்டு பெட்டியையும் தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் குசினி மூலையில் வைத்தான். அவனுடைய கோபம் அவள்மேல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு மேல்காற்று. வீட்டுக் கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காலையில் யோகா தங்களுக்கென்று மட்டும் சின்னச் சட்டியில் சோறும், பருப்பும், உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுபாலில் ஊறவிட்டுப் பிழிந்து ஒரு கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தாள். பொங்கல் வைக்கவில்லை. படத்துக்கு முன்னால் பழமும் தேங்காயும் மட்டும் வைத்தாள். கை அதன்பாட்டில் வேலை செய்தது, மனம் வாசலில் நின்றது. ஒருவரும் வராமல் விட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம், வந்தால் என்ன செய்வது என்ற பயம் மறுபக்கம்.

இரண்டு மணிக்கு மேல் எல்லோரும் வந்தார்கள். ஒரு குடும்பமும் மிச்சமில்லை. முதலில் அன்னம்மா, ஒரு பெரிய கேக்கோடு. பிறகு தேவராஜாவும் மனைவி வைதேகியும். கடைசியில் இராஜேஸ்வரி அக்காவும் புருசன் மகேந்திரராஜாவும். அக்கா உள்ளே வந்ததும் யோகாவை ஒரு பார்வை பார்த்தா, கதவடியில் கதிரை விரித்துக்கொண்டிருந்த சிவபாலனை அதைவிட நீண்ட பார்வை பார்த்தா. சிவபாலன் ஒரு பூசைக்கும் வந்தவனில்லை, அவனை அவ நன்றாகப் பார்ப்பது அன்றுதான்.

பூசை நல்லாகத்தான் நடந்தது. யோகா பாடினாள். என்ன நடந்தாலும் நடக்கட்டும், என் வீட்டில் என் பிள்ளையாருக்கு நான் பாடுகிறேன் என்று ஒரு துணிவு வந்தது. பாடி முடித்தபோது மகேந்திரராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவபாலன் கை கட்டிக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

கற்பூரம் காட்டி முடிந்தது. இனிச் சாப்பாட்டு நேரம். யோகா குசினிக்குள் போய், பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, போத்தில்களை மேசையில் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் மூடி திறப்பான். பிஸ்கற் ரின். உரிக்காத பழம்.

அறையில் இருந்த யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் அந்த மேசையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரே நொடியில் விளங்கியது. ஒருவர் நிலத்தைப் பார்த்தார், ஒருவர் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டினார். மகேந்திரராஜா கூரையில் என்னவோ ஆராய்ச்சி செய்தார்.

"என்னா இது?" என்று கேட்டது அன்னம்மாதான். அவளுக்கு என்ன தெரியும், பாவம். "குளிர்ல பல்லு கிட்டிக்குது, யாரு இதக் குடிப்பா? சோறு ஆக்கலையா யோகா? நான் காலையில இருந்து பட்டினி கிடந்து வந்திருக்கேன்லா!"

யோகா மூடி திறப்பானைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தாள். காது இரண்டும் கொதித்தன. சிவபாலன் கதவடியிலிருந்து ஒரு அடி முன்னால் வைத்தான்.

இராஜேஸ்வரி அக்கா கதிரையை விட்டு எழும்பினா. "யோகா, இஞ்ச வா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரியைக் கேட்காமல் நேரே குசினிக்குள் நுழைந்தா. யோகா பின்னால் ஓடினாள். அக்கா அடுப்பில் இருந்த சட்டி ஒவ்வொன்றாக மூடியைத் தூக்கிப் பார்த்தா.

"இது ஆருக்கு?"

"வீட்டுக்கு... எங்களுக்கு அக்கா."

"எத்தினை பேருக்கு?"

"மூண்டு."

"இருபது சனம் வந்திருக்கு, மூண்டு பேருக்குச் சமைச்சு வைச்சிருக்கிறாய். ஈச்சங்காட்டாள் செய்யிற வேலையே இது? ஊர் மானத்தை வாங்கிறாய்! இனி உவை எல்லாம் ஈச்சங்காட்டில சோறு போடமாட்டினம் எண்டெல்லே சொல்லப்போகினம்?"

அக்கா ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டு, பருப்பு ஊற்றி, கத்தரிக்காய் வைத்து, அதைக் கொண்டுபோய் எல்லோருக்கும் நடுவில் சேர்ச் கதிரையில் இருந்துகொண்டு பிசைந்து வாயில் வைத்தா. வைதேகி அதைப் பார்த்தபடி இருந்தா.

அக்கா விழுங்கினா. பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி, "பிள்ளை, பருப்புக்கு உப்புக் காணாது" என்றா.

யோகாவுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குளத்துக்கு இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அவள் சமையலைத் தின்று பழுது சொல்கிறார்! அவளுடைய தாய் இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டா.

"என்ன எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?" அக்கா அதட்டினா. "இஞ்சரப்பா, வெங்காயம் உரியுங்கோ. அன்னம்மா, உமக்கு உருளைக்கிழங்கு வெட்டத் தெரியுமோ? யோகா, அரிசி எங்க கிடக்கு?"

மகேந்திரராஜா ஒரு நிமிசம் தயங்கினார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழும்பினார். அவர் எழும்ப, மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள்.

எல்லோரும் என்று சொன்னால் பொய். தேவராஜா மணிக்கூட்டைப் பார்த்து, பிளக்டவுனில் ஒருத்தரைப் பார்க்கவேணும், நேரமாகிவிட்டது என்றார். வைதேகிக்கு எழும்ப மனமில்லை என்று முகத்தில் தெரிந்தது, ஆனாலும் எழும்பினா. சிவபாலன் ஒரு சுடுசொல் சொல்லப்போகிறான் என்று யோகா பயந்தாள். அவன் மேசைக்குப் போய் இரண்டு போத்திலை எடுத்து, அவர்களுக்கு முன்னாலேயே மூடி திறந்து, "குடிச்சிட்டுப் போங்கோ, அண்ணை" என்று மரியாதையாகக் கொடுத்தான். தேவராஜா அதை வாங்கிக் குடித்த வேகத்தில் மூக்கால் வந்துவிட்டது. கார் வரைக்கும் கூடப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான் சிவபாலன். அந்த மனுசனும் வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிறவர், கையில் இருப்பதை இல்லாதவனுக்குக் கொடுக்கிறவர். அதுவும் உண்மைதான், இதுவும் உண்மைதான்.

ஒரு மணித்தியாலம் அந்தக் குசினி கல்யாண வீடாகக் கிடந்தது. அடுப்பில் பெரிய சட்டியில் சோறு கொதித்தது. மகேந்திரராஜா வெங்காயம் உரித்து அழுதுகொண்டிருந்தார். அன்னம்மா, இப்படியா கிழங்கு வெட்டுவீங்க என்று எல்லோருக்கும் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் சோடாவை ஒரு கை பார்த்துவிட்டார்கள், கல்யாணி மட்டும் மூன்று போத்தில். யோகா தாளிப்புக்கு எண்ணெய் விட்டுவிட்டு, கை கழுவும் தொட்டிக்கு மேலிருந்த யன்னலால் வெளியே பார்த்தாள்.

பின்வளவில், தண்ணிக் குழாயடியில், சிவபாலன் பூசணிக்காய் ஒன்றைக் கத்தியால் பிளந்துகொண்டிருந்தான். கை கழுவப் போன இராஜேஸ்வரி அக்கா அவனுக்குக் கிட்ட நின்றா. யன்னல் அரைவாசி திறந்திருந்ததால் கதை எல்லாம் யோகாவுக்குக் கேட்டது.

"தம்பி, நீர் வல்லிபுரத்தாற்ற மோன்தானே?"

சிவபாலனின் கத்தி பூசணிக்காயில் பாதியில் நின்றது. ஈச்சங்காட்டில் குளத்துக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் அவனுடைய தகப்பனை "வல்லி" என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து வயதுப் பிள்ளையும் "டேய் வல்லி" என்றுதான் கூப்பிடும். வல்லிபுரத்தார் என்று அந்தப் பக்கத்து வாயிலிருந்து அவன் கேட்டது இதுதான் முதல் தரம்.

"ஓம், அக்கா."

"வந்து உம்மைக் கண்ட உடன தெரிஞ்சிட்டுது. அவரை உரிச்சு வைச்சிருக்கு." அக்கா குழாயைத் திறந்தா, பிறகு கை கழுவாமலே மூடினா. "கேற்றடியில அவருக்கு அடி விழேக்க நான் உள்ளுக்கு நிண்டனான், தம்பி. அம்மனுக்கு முன்னால பாடிக்கொண்டு நிண்டனான். வெளியில சத்தம் கேட்டது. என்ன சத்தமெண்டும் எனக்குத் தெரியும். நான் நிப்பாட்டேல்லை. அது காதில விழாமல் இருக்க, இன்னும் உரத்துப் பாடினனான்."

சிவபாலன் கத்தியைப் பூசணிக்காயிலிருந்து இழுத்தெடுத்தான்.

"போன மாசம் யோகா குளத்துக்கு அங்கால எண்டு சொல்ல, எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அந்தச் சத்தம் அப்பிடியே காதில வந்து நிண்டிட்டுது. அந்தப் பிள்ளையிட்டை என்ன முகத்தோட கதைக்கிறது? அவள் அதை வேற மாதிரி விளங்கி, இண்டைக்குச் சோடா வாங்கி வைச்சிருக்கிறாள். பிழை அவளில இல்லை, என்னிலதான்."

யன்னலுக்குள் நின்ற யோகாவுக்கு அடுப்பில் எண்ணெய் புகைவது தெரியவில்லை. ஒரு மாதம் முழுக்கத் தன்னை இளக்காரம் பண்ணின "ஓ" என்று நினைத்து நினைத்து அழுததெல்லாம் வீண் அழுகை. அந்த மனுசி வெட்கத்தில் வாயடைத்து நின்றிருக்கிறா.

"அண்டைக்கு அப்புவைத் தூக்கிக்கொண்டு ஓடினது நான்தான்" என்றான் சிவபாலன். அவன் குரல் யோகாவுக்கே புதிதாக இருந்தது. "தலையால ரத்தம் ஓடுது. நான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுறன். அந்த மனுசன் என்ர தோளில கிடந்து என்ன சொன்னவர் தெரியுமோ, அக்கா? 'மெல்லப் போடா தம்பி, உள்ளுக்கு ஆரோ நல்லாப் பாடுகினம், கேட்டுட்டுப் போவம்' எண்டவர்."

இராஜேஸ்வரி அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டா. தோள் இரண்டும் குலுங்கின. கவிழ்த்து வைத்திருந்த வெறும் சோடாப் பெட்டியின் மேல் அப்படியே இருந்துவிட்டா. சிவபாலன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

"அழாதேங்கோ, அக்கா. நான் பொய் சொல்லமாட்டன். அந்தக் கோயிலை நான் மன்னிக்கேல்லை, மன்னிக்கவும் மாட்டன். மனிசரை வாசல்ல வைச்சு அடிக்கிற சமயத்துக்கு என்னட்டை மரியாதை இல்லை. உங்களில எனக்கு மரியாதை இருக்கு. இண்டைக்கு என்ர வீட்டில நீங்கள் செய்ததை என்ர அப்பு பாத்திருந்தா..." அவன் முடிக்கவில்லை.

அவன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான்.

"அப்பு முழுக்கக் கேக்கேல்லை, அக்கா. நான் நிக்காமல் ஓடிட்டன். அண்டைக்கு நீங்கள் பாடினதின்ர மிச்சத்தை இப்ப பாடுங்கோ."

இராஜேஸ்வரி அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தா. மூக்கைத் துடைத்தா. முதல் இரண்டு வரியும் குரல் உடைந்துதான் வந்தது. மூன்றாவது வரியில் பிடித்துக்கொண்டது. குசினிக்குள் வெங்காயமும் கிழங்கும் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அன்னம்மா கத்தியை வைத்துவிட்டு யோகாவுக்குப் பக்கத்தில் வந்து யன்னலடியில் நின்றாள்.

சிவபாலன் கை கூப்பவில்லை. கண்ணை மூடவில்லை. பூசணிக்காய்க்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, கடைசி வரி முடியும்வரைக்கும் அசையாமல் கேட்டான்.